மரத்தடியில் யாரும் இல்லை

தஞ்சை மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து 'இயற்கைக் காட்சி வரை' என்று சொன்னால், முதலில் வருவது இரண்டு மலைகள். நடுவே அரைச் சூரியன். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. ஆற்றோரம் ஒரு கூரைவீடு, வீட்டை ஒட்டி ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். வல்லம் பக்கத்து மேட்டு நிலத்தைத் தள்ளிவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு என்று ஒன்று இல்லாத நாடு இது. ஆறு இங்கே மலையிலிருந்து இறங்குவதில்லை; வாய்க்காலாகப் பிரிந்து பிரிந்து வயலுக்குள் கரைந்துபோகிறது. இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற பிள்ளை, தாளைக் கண்டதும் பார்க்காத மலையைத்தான் வரைகிறது.

காலண்டரிலிருந்தும் சலூன் சுவரிலிருந்தும் வந்த காட்சி அது. 'சீனரி' என்று நாம் அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். சீனரி என்றால் எங்கோ இருக்கும் இடம். நாம் இருக்கிற இடம் சீனரி ஆகாது. பிள்ளைகள் வளர்ந்து, மணமாகி, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஓவிய வகுப்புக்கு வரும்போது, அதே சீனரியைத்தான் அக்ரிலிக் வண்ணத்தில், கேன்வாஸ் துணியில், இன்னும் கொஞ்சம் திறமையாக வரையக் கற்றுக்கொள்கிறார்கள். தஞ்சாவூரில் அப்படிப்பட்ட ஒரு வகுப்பில் 2018 முதல் இரண்டு ஆண்டுகள் நானும் படித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பாடத்தைப் பற்றியது. கற்றுக்கொடுத்தவரைப் பற்றியது அல்ல. அவர் பொறுமைசாலி, எனக்கு அவரிடம் எந்தக் குறையும் இல்லை.

வகுப்பில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் தஞ்சாவூர் ஓவியம் கற்றுவிட்டு வந்தவர்கள். சாக்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டும் அந்த வேலைக்கு விலை உண்டு, வீட்டில் மரியாதையும் உண்டு, ஏனென்றால் முடிவில் ஒரு கிருஷ்ணன் கிடைக்கிறான். மரம் வரைவதற்கு அந்த மரியாதை கிடையாது. 'சாமி படம் போடறதை விட்டுட்டு மரம் போட்டு என்ன பண்ணப் போறே?' என்று மாமியார் கேட்டதை ஒரு தோழி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன். மரம் போட்டு என்ன பண்ணப் போகிறோம் என்பது நல்ல கேள்வி.

முதலில் வண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் கதை அதிலும் இருக்கிறது. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். டர்பன்டைன் நெடி வீடு முழுவதும் ஏறும். சின்னக் குழந்தைகள் இருக்கும் இரண்டு அறை வீட்டில் அது நடக்காது. நீரில் கரையும் அக்ரிலிக் 1950களில் கடைக்கு வந்தது. வண்ணப் பொடியை ஒரு பிளாஸ்டிக் பாலில் கலந்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஆவியானதும் அந்தப் பால் தெளிந்து படலமாகிவிடும், பிறகு கரையாது. பிரஷ்ஷைக் குழாயடியில் கழுவலாம், நெடி இல்லை, அரை மணியில் படத்தைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிடலாம். தனி அறை இல்லாதவர்களின் வண்ணம் இது. அதனால்தான் இதைப் பெண்கள் இவ்வளவு எளிதாக வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது.

ஆனால் அதே வண்ணம் நம் நேரத்தின் மேல் கருணை காட்டாது. தஞ்சாவூரின் மே மாத வெயிலில் பேலட்டில் பிதுக்கிய வண்ணம் சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும். குக்கர் மூன்றாவது விசில் அடித்து, எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, கொரியர்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால், கலந்து வைத்த பச்சை ரப்பராகக் கிடக்கும். அதே பச்சையை மறுபடி கலப்பது லேசில்லை. போதாததற்கு அக்ரிலிக் ஈரத்தில் வெளுப்பாகத் தெரிந்து, காய்ந்ததும் ஒரு படி கருக்கும். நேற்றைய பச்சையோடு இன்றைய பச்சையைப் பொருத்துவதே பெரிய வித்தை. எங்களில் ஒருவர் கண்டுபிடித்த வழி: மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஈரத்துணியை மடித்து வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் வண்ணத்தைப் பிதுக்குவது. ஓவியச் சாமான் விற்கும் கடையில் இதே ஏற்பாட்டைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். இட்லி மாவு, வெற்றிலை, கீரை எல்லாவற்றையும் ஈரத்துணியில் காப்பாற்றத் தெரிந்தவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனி மரம். பாடம் இப்படிப் போகும்: வானத்தை முதலில் மெழுகிக் காயவிடு. மரத்தின் முழு உருவத்தை இருட்டுப் பச்சையில் ஒரு திரளாகப் போடு. அதன் மேல் நடுத்தரப் பச்சை, அதற்கு மேல் வெயில் படும் பக்கம் மட்டும் மஞ்சள் கலந்த இளம்பச்சை. இலையை ஒவ்வொன்றாகப் போடாதே. பழைய முரட்டு பிரஷ்ஷால் குத்து, அல்லது பஞ்சால் ஒற்று. இலைத் திரளுக்குள் அங்கங்கே வானம் தெரிய ஓட்டைகள் விடு, அந்த ஓட்டைகளில் கிளை தெரியட்டும். தூரத்து மரத்தில் நீலத்தையும் வெள்ளையையும் சேர்த்து வெளுக்கவை. எல்லாம் நல்ல பாடங்கள். கண்ணுக்கு முன் இருப்பதைத் திரளாகவும் வெளிச்சமாகவும் பார்க்கப் பழக்குபவை. முதல் மரம் நிமிர்ந்து நின்றபோது எங்கள் வகுப்பில் ஒருவர் அழுதேவிட்டார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு தன் கையால் ஒன்றைத் தனக்காகச் செய்தது அதுதான் முதல் தடவை என்றார்.

அந்த மரத்துக்குப் பெயர் கிடையாது என்பதுதான் என் புகார். புங்கையா, இலுப்பையா, பூவரசா, ஒதியனா? பாடத்தில் 'மரம்' என்று மட்டும் இருக்கிறது. பெயர் சொல்லி வருவது ஒன்றே ஒன்று, பைன் மரம். விசிறி பிரஷ்ஷைக் குறுக்கே பிடித்து மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தால் ஒரு நிமிடத்தில் பைன் மரம் எழுந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1983 முதல் 1994 வரை பாப் ராஸ் நானூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அரை மணிக்கு ஒரு படம் என்று எண்ணெய் வண்ணத்தில் போட்டுக் காட்டியது இந்த வகைதான். அவர் விமானப் படையில் இருந்தபோது அலாஸ்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். பனியும் பைனும் ஏரியும் அவர் கண்ணால் கண்டவை. அவருடைய கை இன்று கைப்பேசி வழியாக உலகம் முழுவதும் போய், அக்ரிலிக்காகி, ஒரத்தநாட்டிலும் பைன் மரம் முளைக்கிறது. அயல் மரம் என்பதால் எனக்குக் கோபமில்லை. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், குல்மோகர் மடகாஸ்கர். அவற்றின் நிழலில் நாம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறோம். பைன் நிழலில் இங்கே யாரும் நின்றதில்லை. நின்றறியாத நிழலைப் போடும்போது கை சரியாக இருக்கலாம், படம் பொய்யாகிவிடும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் என் சித்தி ஊரில் கீற்று முடையும் ஒரு அக்காவிடம் வகுப்பில் கொடுத்த மாதிரிப் படத்தைக் காட்டினேன். ஆற்றோரத் தென்னை, மாலை வெயில். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு மரம்மா?"

"நம்ம ஊருத் தென்னைதாங்க்கா."

"தென்னையா? எல்லா மட்டையும் ஒரே மாதிரி வளைஞ்சு நிக்குதே. அடிமட்டை தொங்கணும், நடுமட்டை படுக்கணும், குருத்து நேரா நிக்கணும். இதுல முடையறதுக்கு ஒரு மட்டைகூடத் தேறாதும்மா."

நான் படித்த ஓவிய விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது அதிகமில்லை. மட்டையை நடுத்தண்டோடு இரண்டாகப் பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்றுவிட்டு ஒன்றாக மடித்துப் பின்னுவது டெல்டாவின் தென்னைப் பகுதிகளில் பெரும்பாலும் பெண்களின் வேலை, கூலி எண்ணிக்கைக்கு. ஓலை எந்தக் கோணத்தில் தண்டிலிருந்து பிரிகிறது, எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் ஒடியும், எத்தனை நாள் வெயிலில் எந்த நிறத்துக்கு மாறும் என்பதெல்லாம் அவர்கள் விரலில் இருக்கிறது. தாவரவியல் பேராசிரியருக்கும் ஓவியருக்கும் தேவைப்படும் அறிவு அது. கீற்று முடைகிறவள் கீற்றை வரையத் தகுந்தவள் என்று நம் கலைப் பள்ளிகளுக்குத் தோன்றியதில்லை. கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பட்டுக்கோட்டையிலிருந்து எட்டிப் போகும் தூரம்தான். அந்த அக்காவின் மகள் அங்கே போவாளா என்பது வேறு கணக்கு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று உள்ளே வரை லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்தவை, நடுவில் முறிந்தவை, கொண்டை திருகிப்போனவை. ஒரு தென்னம்பிள்ளை காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது வேண்டும். அதுவரை கீற்று இல்லை, கயிறு இல்லை, மட்டை உரிக்கும் கூலி இல்லை. நிலம் வைத்திருந்தவர்களுக்கு மரக்கணக்கில் நிவாரணம் எழுதினார்கள். மரத்தின் மேல் உரிமை இல்லாமல் மரத்தால் பிழைத்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எங்கள் வகுப்பில் ஒரு தென்னைகூடச் சாயவில்லை. வகுப்பிலேயே இரண்டு பேருக்குத் தோப்பு போயிருந்தது. அவர்களும் நிமிர்ந்த தென்னையைத்தான் வரைந்தார்கள். ஆறுதலுக்கு வரைந்திருக்கலாம், அந்த ஆறுதலை யாரிடமிருந்தும் பிடுங்க நான் விரும்பவில்லை. ஆனால் சாய்ந்த மரத்தை வரைவதற்கு எங்களிடம் பாடமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு பழைய மரத்தைப் பற்றிச் சொல்லலாம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே தட்சிணாமூர்த்தியோடு ஓர் ஆலமரம் இருக்கிறது. மரத்தில் குரங்குகளும் பறவைகளும். நேரில் போய்ப் பார்க்கப் பொதுவாக அனுமதி இல்லாததால் நானும் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு கை வரைந்த மரத்துக்குப் பெயர் இருந்தது, குடியிருப்பும் இருந்தது. பின்னாளில் வந்த தங்க ரேக்கு ஓவியங்களில் மரம் கிருஷ்ணனுக்குக் குடையாகச் சுருங்கியது. இன்றைய சீனரியில் மரம் பெருத்துவிட்டது, அதன் கீழே யாரும் இல்லை.

நம் மொழியில் நிலம் ஆளில்லாமல் இருந்ததே இல்லை. நிலத்துக்குப் பூவின் பெயரை, மரத்தின் பெயரை வைத்த இலக்கியம் நம்முடையது. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். அந்த மருத மரம் ஆற்றங்கரையில் நிற்பது. திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரம் அது. மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். அதாவது பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பும் கணவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் பெண்ணின் கோபம். அந்தக் கோபத்தை ரசனைக்குரிய சிணுங்கலாக உரைகாரர்கள் மென்மையாக்கினார்கள். பரத்தை தரப்பை யாரும் கேட்கவில்லை. வயலில் இறங்கியவள் பாட்டின் ஓரத்தில்தான் வருகிறாள். இத்தனை குறைகளோடும், நெல் விளையும் நிலத்தை ஒரு பெண்ணின் மனக்கசப்பு இல்லாமல் சொல்ல முடியாது என்று வைத்தார்களே, அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மருத நிலத்தை வரைகிறேன் என்று சொல்லிக் கசப்பே இல்லாத பச்சையைப் பூசும்போது நாம் காலண்டருக்குப் போய்விட்டோம்.

பெண்ணொருத்தி தஞ்சாவூருக்கு வந்து மரம் செடிகளை வரைந்த கதையும் உண்டு. மேரியான் நார்த் என்ற ஆங்கிலேயப் பெண். 1830இல் பிறந்தவர், மணம் செய்துகொள்ளாதவர், தந்தை இறந்த பிறகு உலகம் சுற்றிப் போன இடத்திலெல்லாம் அங்குள்ள செடி கொடிகளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர். 1877 முதல் 1879 வரை இந்தியாவில் இருந்தார். தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்த பர்னலின் வீட்டில் தங்கினார். அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த அதே பர்னல். இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகளை வரையலாம் என்ற யோசனை அந்த வீட்டில் பிறந்தது. லண்டன் கியூ தோட்டத்தில் அவருடைய எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களுக்கென்றே ஓர் அரங்கு 1882இல் திறக்கப்பட்டது. தன் காசில் கட்டி, தானே சுவர் முழுக்க அடுக்கிவைத்த அரங்கு.

பெண்ணிய வாசிப்பில் மேரியான் நார்த் நம் முன்னோடியாகக் காட்டப்படுவதுண்டு. எனக்கு அவரைப் பிடிக்கும், பாதியளவு. வரவேற்பறைப் பூங்கொத்து வரைவதே பெண்ணின் கலை என்றிருந்த காலத்தில் அவர் சேற்றில் நின்று மரத்தை வேரிலிருந்து பார்த்தார். ஆனால் அவர் தனியாகப் பயணம் செய்யவில்லை. சாம்ராஜ்யம் கூடவே வந்தது. ஆளுநர்களுக்குக் கடிதங்கள், தங்க அதிகாரிகளின் மாளிகைகள், சாமான் தூக்க ஆட்கள். அவர் சென்னை மாகாணத்தில் இருந்த மாதங்கள் 1876 - 78 பெரும் பஞ்சத்தின் மாதங்கள். கியூ அரங்கில் நிற்பவர்களுக்கு அந்தப் பஞ்சம் தெரியாது. அங்கே செடிகள் செழித்திருக்கின்றன. ஒரு பெண்ணுக்கு வெளியே நின்று வரையும் சுதந்திரம் எந்தக் கூலியின் மேல் நின்றது என்று கேட்காமல் அவரைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. நம் வகுப்புத் தோழியருக்கும் இந்தக் கேள்வி உண்டு: நான் வகுப்புக்குப் போகும் இரண்டு மணி நேரத்தில் என் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவியவர் யார்?

நிலக்காட்சி என்பதே உடைமையின் பார்வை என்று சொன்னவர் ஜான் பெர்ஜர். அவர் 1972இல் எடுத்துக்காட்டிய படம், கெய்ன்ஸ்பரோ 1750 வாக்கில் வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதி. இடது பக்கம் ஓக் மரத்தடியில் துப்பாக்கியோடு கணவன், நீலப் பட்டுடையில் மனைவி. வலது பக்கம் முழுக்க அவர்களின் நிலம், அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள். அறுத்தவர் யாரும் படத்தில் இல்லை. நான் இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். மரத்தடியில் இருக்கும் அந்தப் பெண்ணும் சொந்தக்காரி இல்லை. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமானவளின் சொத்து கணவனுடையது. அது மாற 1882 வரை ஆனது. அவள் மடி வரையப்படாமல் வெறும் துணியாக விடப்பட்டிருக்கிறது. ஏன் என்று பலர் பல காரணம் சொல்கிறார்கள். சொத்தில்லாத மடி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது ஓவிய வரலாறு ஆகாது, என் குறும்பு.

நம் பக்கம் 1989இல் தமிழ்நாடு வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்றது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகு எங்கள் வகுப்பில் எத்தனை பேர் பெயரில் நிலம் இருக்கிறது என்று ஒருநாள் பேச்சு வந்தது. எல்லோர் வீட்டிலும் வயல் உண்டு, சிலருக்குத் தோப்பும் உண்டு. பெயரில் இருந்தது ஒருவருக்கு. அவர் கணவரை இழந்தவர்.

சீனரியில் கட்டாயம் வரும் கூரைவீட்டுக்கு இப்போது வருகிறேன். பாடத்தில் அதற்குச் சூத்திரம் உண்டு: பர்ன்ட் சியன்னாவும் எல்லோ ஓக்கரும் கலந்து, காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்தால் வைக்கோல் கூரை. கதவு இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். கதவுக்குள் யாரும் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் ஒளிந்திருந்த குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்த மாவட்டங்களில் கூரைவீட்டை வரைகிற கை இதை அறியாமல் வரையலாம், அறிந்தபின் அதே மாதிரி வரைய முடியாது. அந்த நிகழ்வுக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும். 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி இயக்கம் நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரில் எழுதிக்கொடுத்தது. கூரையை மாற்றிக் கல் வீடு கட்டுவதையும் வேலையாக எடுத்துக்கொண்டது. கூரைவீடு போய்க் காரைவீடு வந்தால் காட்சி கெட்டுவிட்டது என்று நம்மில் பலர் பெருமூச்சு விடுகிறோம். ஓவியக்காரர்களும் புகைப்படக்காரர்களும் அதிகமாக விடுகிறார்கள். யாருடைய மழைக்காலத்தை நாம் அழகு என்கிறோம்?

பச்சையைப் பற்றி இன்னும் கொஞ்சம். டியூபில் வரும் சாப் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன் இரண்டும் சோம்பேறிப் பச்சைகள், வயலில் இல்லாதவை. அல்ட்ராமரீன் நீலத்தில் லெமன் எல்லோவைக் கூட்டிக் குறைத்து, ஒரு துளி சியன்னாவால் அதன் கூச்சலை அடக்கினால்தான் வயல் பக்கம் வர முடிகிறது. நாற்றங்கால் கிளிப்பச்சை. பறித்து நட்ட மறுநாள் பயிர் துவண்டு மஞ்சளித்து, சேற்றின் சாம்பலும் நீரில் விழுந்த வானமும்தான் நிறமாகத் தெரியும். பச்சை பிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தூர் கட்டும்போது கரும்பச்சை. பால் பிடித்துக் கதிர் சாயும்போது பச்சைக்குள் பொன். இதைப் பார்க்க வேளாண் துறையிடம் இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. சில பச்சைக் கட்டங்கள் வரிசையாக இருக்கும், இலையை அதன் மேல் வைத்து எந்தக் கட்டத்தோடு ஒக்கிறது என்று பார்த்து உரம் போடுவார்கள். ஓவியரின் வண்ண அட்டையேதான். களையெடுக்கும் பெண்களுக்கு அட்டை வேண்டியதில்லை. 'வெளுத்துக் கெடக்கு, யூரியா கேக்குது' என்று வரப்பிலிருந்தே சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாயில் பச்சைக்கு இருக்கும் சொற்களை ஓவிய வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் எங்கள் முதல் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

வெளியே போய் வரைவதுதான் கடைசிச் சிக்கல். நான்கு சுவருக்குள் மாதிரிப் படத்தைப் பார்த்து வரைவதைப் பெண்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லிண்டா நாக்லின் 1971இல் பெண்களில் பெரிய ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டு, கல்விக்கூடத்தின் கதவுகளைக் காட்டினார். ஆடையற்ற மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்புக்குள் பெண்களை விடாததைச் சொன்னார். நமக்கு மூடியிருப்பது ஆற்றங்கரை. வெண்ணாற்றுப் படுகையில் ஒரு பெண் ஈசலை ஊன்றி மூன்று மணி நேரம் தனியாக உட்கார முடியாது. கூட்டம் கூடும், அறிவுரை வரும், கைப்பேசியில் படம் எடுப்பார்கள், இருட்டுவதற்குள் யாராவது வீட்டுக்குத் தகவல் சொல்லியிருப்பார்கள். நாங்கள் நான்கு பேர் ஞாயிறு காலையில் சேர்ந்து போகத் தொடங்கியது அதனால்தான். ஒருவர் வரைவதும் மூவர் சுற்றி உட்காருவதுமாக. 1960களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த டி.கே. பத்மினி தன் பொன்னானிப் பக்கத்து ஊரின் மரங்களையும் பெண்களையும் ஒரே இருட்டிலிருந்து எழுவதுபோல் வரைந்தார். 1969இல் பிரசவத்தில் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் படங்களில் பெண் மரத்தடியில் அலங்காரத்துக்கு நிற்பதில்லை. மரத்தின் எடை அவளுக்கும் இருக்கிறது.

ஆளை வரைய ஆரம்பித்ததும் எங்களுக்கு முதலில் உடைந்தது குடம். சீனரியில் பெண் வந்தால் இடுப்பில் குடத்தோடு வரப்பில் நடப்பாள், சிவப்புப் புடவை, முகம் பாதி திரும்பியிருக்கும். நடவு வயலில் அப்படி யாரும் இல்லை. பெண்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள், தலையில் துண்டு. வெயிலுக்கும், சேற்றுக்கும், பின்னாலிருந்து வரும் பார்வைக்கும். குனிந்த உடம்பில் முதுகுதான் தெரியும். பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவதால் வரிசை நம்மை நோக்கி வரும். இப்போது பல வயல்களில் இயந்திரம் நடுகிறது. சில வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆண்கள் கயிறு பிடித்து நடுகிறார்கள். அதையும் வரைய வேண்டும், அவர்களும் யார் வீட்டையோ விட்டு வந்தவர்கள்தான்.

துவைத்துத் துவைத்து வெளுத்த அந்த நீலச் சட்டைதான் கடினம். டியூபிலிருந்து நேராக எடுத்த நீலம் கூவும். நீலத்தில் வெள்ளையும் கொஞ்சம் சியன்னாவும் சேர்த்து, காய்ந்தால் ஒரு படி கருக்கும் என்பதை மனதில் வைத்து வேண்டியதைவிட வெளுப்பாகவே போட வேண்டும். முதுகில் வியர்வை ஊறிய இடம் மட்டும் இருட்டு. அப்படிப் பன்னிரண்டு முதுகுகளைப் போட்டுவிட்டு, பின்னால் வாய்க்கால் கரைப் பூவரசுக்கு வருகிறபோது, அதன் உயரம் தானாகத் தெரிந்துவிடுகிறது. குனிந்திருப்பவள் நிமிர்ந்தால் அவள் தலை அந்த மரத்தின் எந்தக் கிளைக்கு வரும் என்று அளந்து வைத்துக்கொண்டு அடிமரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.